சாலையைக் கடக்க எத்தனை நொடி?

குழந்தைகளே! உங்களிடம் ஒரு கணக்கு கேட்கப் போகிறேன். பயப்பட வேண்டாம், இதற்கு மதிப்பெண் கிடையாது.

உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பெரிய சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறதா? அந்தச் சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போக உங்களுக்கு எத்தனை நொடி ஆகிறது? அதற்கு முன்னால் ஓரத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள்?

முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடுவீர்கள். இரண்டாவதை யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் எண்ணியதில்லை. ஒரு பையன்தான் எண்ண வைத்தான்.

நான் வாத்தியாராக இருந்த காலம். வகுப்பில் ஒரு பையன் தினமும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் தாமதமாக வருவான். கடற்கரைப் பக்கத்துப் பையன். கேட்டால், "ரோட்டத் தாண்ட முடியல சார்" என்பான். ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "டேய், நேத்தும் இதையேதான சொன்ன? வேற ஏதாவது கதை கண்டுபிடிச்சிட்டு வா" என்று வெளியே நிற்க வைத்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனபோது அவனைப் பார்த்தேன். கிழக்கு ஓரத்தில் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். வலது பக்கம் பார்க்கிறான், வண்டி இல்லை. இடது பக்கம் பார்க்கிறான், பஸ் வருகிறது. பஸ் போன பிறகு இடது பக்கம் காலி, ஆனால் வலது பக்கம் லாரி. ஒரு அடி எடுத்து வைக்கிறான், திரும்பப் பின்னால் வருகிறான். என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான் பார்க்கத் தொடங்கிய பிறகே நான்கு நிமிடம் ஆகிவிட்டது. அவன் சொன்னது கதை இல்லை. அன்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதோடு அந்தச் சாலையைப் பற்றி யோசிக்கவும் ஆரம்பித்தேன்.

அது காலாப்பட்டு வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை. காலாப்பட்டைத் தெரியாத குழந்தைகளுக்குச் சொல்கிறேன். புதுச்சேரி நகரத்திலிருந்து சென்னை பக்கமாக வடக்கே போனால் முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம் வரும். அது தமிழ்நாடு. இரண்டு முதலியார்சாவடிகளும் பொம்மையார்பாளையமும் கூடத் தமிழ்நாடுதான். அதற்கப்புறம் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, கனகசெட்டிகுளம். இவை மறுபடியும் புதுச்சேரி! பிரெஞ்சுக்காரர்கள் காலத்து எல்லைக்கோடுகள் அப்படி. ஒரே சாலையில் பஸ் டிக்கெட்டைக் கையில் வைத்திருக்கும்போதே இரண்டு முறை எல்லை மாறிவிடும்.

இந்த ஊர்ப் பெயர்களில் "சாவடி" என்று வருவதைக் கவனித்தீர்களா? சாவடி என்றால் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறும் இடம். அப்படியென்றால் அந்தக் காலத்துச் சாலை, போவதற்கு மட்டுமல்ல, நிற்பதற்கும் உட்காருவதற்கும் இருந்தது.

காலாப்பட்டில் கிழக்கே கடலும் மீனவர் குடியிருப்புகளும் இருக்கின்றன. 1985-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. மத்திய சிறைச்சாலை இருக்கிறது. பக்கத்திலேயே பொறியியல் கல்லூரி (இப்போது தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்), மருத்துவக் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. ஊருக்கு இதுதான் கடைத்தெரு. டீக்கடை, மருந்துக்கடை, ஜெராக்ஸ் கடை, மாலையில் மீன் விற்கும் அம்மாக்கள், டெம்போ நிற்கும் இடம் எல்லாம் இந்தச் சாலையின் ஓரத்தில்தான். ஆனால் சென்னையிலிருந்து காரில் வருகிறவருக்கோ இது நெடுஞ்சாலை. அவருக்குக் காலாப்பட்டு என்பது கண்ணாடி வழியாகப் போய்விடுகிற ஒரு பெயர்ப்பலகை. ஒரே சாலைக்கு இரண்டு வேலை. தகராறு அங்கேதான் தொடங்குகிறது.

"அதனால் என்ன, 'மெதுவாகச் செல்லவும்' என்று பலகை வைத்தால் போதாதா?" என்று கேட்பீர்கள்.

பலகை வைத்துத்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயம் கேளுங்கள். உங்கள் பள்ளி மைதானத்தில் "ஓடாதே" என்று எழுதிப் போட்டால் ஓடாமல் இருப்பீர்களா? மைதானம் அகலமாக, காலியாக இருந்தால் கால் தானாக ஓடும். அதே நீங்கள் வகுப்பறையில் பெஞ்சுகளுக்கு நடுவே யாரும் சொல்லாமலே மெதுவாகத்தான் நடப்பீர்கள். வண்டி ஓட்டுகிறவர்களும் அப்படித்தான். சாலை நேராக, அகலமாக, தடையில்லாமல் இருந்தால் கால் ஆக்சிலேட்டரை அழுத்தும். சாலை குறுகினால், ஓரத்தில் மரமும் மனிதர்களும் தெரிந்தால், கால் தானாக பிரேக் பக்கம் போகும். பலகை பேசுவதைவிடச் சாலையின் வடிவம் சத்தமாகப் பேசும். சாலையைத் திருத்தி அமைக்கும் பொறியாளர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான் என்பது என் கருத்து.

வேகம் ஏன் இத்தனை முக்கியம்? இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதாவது ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். திடீரென்று நீங்கள் குறுக்கே வந்துவிட்டீர்கள். ஓட்டுநர் உங்களைப் பார்த்து, மூளை "பிரேக்" என்று சொல்லி, கால் அழுத்துவதற்கு ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நொடியில் வண்டி 17 மீட்டர் வந்துவிட்டது. இனிமேல்தான் பிரேக் பிடிக்கவே தொடங்குகிறது. காய்ந்த நல்ல சாலையில் நிற்க இன்னும் 20 மீட்டர் ஆகும். மொத்தம் 37 மீட்டர்.

அதே வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால்? ஒரு நொடியில் 8 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு 5 மீட்டர். மொத்தம் 13 மீட்டர்.

ஆண்கள் விளையாடும் கபடி ஆடுகளத்தின் நீளம் 13 மீட்டர். ஆக, 30 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு கபடிக் களத்துக்குள் நின்றுவிடும். 60 கிலோமீட்டரில் வரும் வண்டிக்கு ஏறக்குறைய மூன்று களம் வேண்டும்! வேகம் இரண்டு மடங்கு ஆனால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு ஆகிறது பார்த்தீர்களா? பெரிய வகுப்பு அண்ணன், அக்காக்களைக் கேளுங்கள், இயக்க ஆற்றல் என்று பாடத்தில் வருவது இதுதான். மழை பெய்தாலோ, டயர் தேய்ந்திருந்தாலோ, ஓட்டுநர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலோ இந்தத் தூரம் இன்னும் நீளும்.

2020 பிப்ரவரியில் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் பல நாடுகள் கூடி, மனிதர்களும் வண்டிகளும் கலந்து போகும் இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று அறிவித்தது இதனால்தான். நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 32,825 பேர் வண்டியில் போனவர்கள் இல்லை. வெறுமனே நடந்து போனவர்கள்.

சரி, அந்தப் பையனிடம் திரும்பி வருவோம். அவன் ஏன் அவ்வளவு நேரம் நின்றான்?

இரண்டு வண்டிகள் எதிரும் புதிருமாகப் போகும் சாலையின் அகலம் 7 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையைச் சுமந்துகொண்டு நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் கடக்க 7 நொடி. அந்த 7 நொடிக்குள் 60 கிலோமீட்டரில் வரும் கார் 117 மீட்டர் வந்துவிடும். அதாவது, உங்கள் விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓட்டப் பந்தயம் நடக்கிறதே, அதைவிட நீளமான இடைவெளி வலது பக்கமும் வேண்டும், இடது பக்கமும் வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். காலை எட்டரை மணிக்கு அப்படி ஒரு இடைவெளி எங்கிருந்து கிடைக்கும்?

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. சாலையின் நடுவே ஒரு திட்டு. இரண்டு மீட்டர் அகலத்தில், நான்கைந்து பேர் நிற்கும்படி இருந்தால் போதும். முதலில் வலது பக்கம் மட்டும் பார்த்துப் பாதி சாலையைக் கடக்கலாம். திட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அப்புறம் இடது பக்கம் மட்டும் பார்த்து மீதியைக் கடக்கலாம். ஒரு பெரிய கணக்கை இரண்டு சின்னக் கணக்காகப் பிரித்துப் போடுகிற மாதிரி! அந்தத் திட்டு இருப்பதால் வண்டி போகும் இடம் சற்றுக் குறுகித் தெரியும். ஓட்டுநரும் வேகத்தைக் குறைப்பார். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

"வேகத்தடை போட்டுவிட்டால்?" என்று ஒரு குரல் கேட்கிறது. எல்லா ஊரிலும் விபத்து நடந்த மறுநாள் மக்கள் கேட்பது அதைத்தான். ஆனால் காலாப்பட்டு வழியாகப் போகும் சாலை இப்போது 332ஏ என்ற எண் கொண்ட தேசிய நெடுஞ்சாலை. தேசிய நெடுஞ்சாலைகளில் வேகத்தடை கூடாது என்பது பொது விதி. தவிர, நம் ஊர்களில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிவைக்கும் செங்குத்தான மேடுகள் இருக்கின்றனவே, அவற்றில் தடுமாறி விழுந்தவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். முறையான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாக, ஆமை முதுகு போல மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும்.

நடைபாதைக்கும் இப்படி அளவு உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு நாடு முழுவதற்கும் விதிகள் எழுதி வைத்திருக்கிறது. நடைபாதையில் தடையில்லாத இடம் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்கிப் போக அவ்வளவு தேவை. நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. உங்கள் ஜியோமெட்ரி பாக்ஸில் உள்ள ஸ்கேல் சரியாக 15 சென்டிமீட்டர்! அதை எடுத்துப் போய் உங்கள் ஊர் நடைபாதையின் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பாருங்கள். பல இடங்களில் இரண்டு ஸ்கேல் உயரம் இருக்கும். பாட்டி அதில் ஏற முடியாமல் சாலையிலேயே நடப்பார். "நடைபாதை கட்டிக் கொடுத்தும் ஜனங்கள் சாலையில் நடக்கிறார்கள்" என்று நாம் பாட்டியைக் குறை சொல்லுவோம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நல்ல நடைபாதையில் நடப்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உரிமை என்று சொல்லியிருக்கிறது. ஆகவே பாட்டி கேட்பது சலுகை இல்லை.

இப்படியெல்லாம் ஒரு தெருவை மாற்றிய ஊர் பக்கத்தில் எங்காவது இருக்கிறதா? இருக்கிறது. பெயரைக் கேட்டால் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு நம் ஊர்தானோ என்று தோன்றும். சென்னை தியாகராய நகரில் உள்ள பாண்டி பஜார்! புதுச்சேரி வியாபாரிகள் கடை வைத்ததால் அந்தப் பெயர் என்று சிலர் சொல்வார்கள். நீதிக் கட்சித் தலைவர் சவுந்தரபாண்டியன் பெயரில் வந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள். சவுந்தரபாண்டியனார் அங்காடி என்ற பெயரும் அதற்கு உண்டு.

அங்கே தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனவர்களுக்குத் தெரியும். சாலையின் இரு ஓரத்திலும் கார்கள் நிற்கும். நடுவில் பஸ்ஸும் ஆட்டோவும் நகர முடியாமல் ஹார்ன் அடிக்கும். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெற்றோர் கார்களுக்கு இடையே நெளிந்து போவார்கள். அந்தச் சாலையில் வண்டிகள் நிற்கும் இடத்தை எடுத்துவிட்டு, வண்டி போகும் வழியைக் குறுக்கி, மீதி எல்லாவற்றையும் நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். சுமார் 40 கோடி ரூபாய் செலவில் முடிந்து, 2019 நவம்பர் 13 அன்று திறக்கப்பட்டது. இப்போது அங்கே உட்கார பெஞ்சு இருக்கிறது, சக்கர நாற்காலி போகலாம்.

எனக்குப் பிடித்தது, அதைக் கட்டுவதற்கு முன்னால் அவர்கள் செய்த வேலை. நேரடியாக ஜல்லி, சிமெண்டு என்று இறங்கவில்லை. தடுப்புகளைத் தற்காலிகமாக வைத்து, இப்படிச் செய்தால் எப்படி இருக்கும் என்று வெள்ளோட்டம் பார்த்தார்கள். கணக்கு நோட்டில் பேனாவால் எழுதுவதற்கு முன் பென்சிலால் போட்டுப் பார்க்கிற மாதிரி. கடைக்காரர்கள் முதலில் பயந்தார்கள். "வாசலில் கார் நிற்காவிட்டால் யார் வருவார்கள்?" என்றார்கள். நியாயமான பயம்தான். ஆனால் காரில் இருப்பவர் கடையைத் தாண்டிப் போய்விடுவார். நடக்கிறவர்தான் நின்று கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பார்.

குறை இல்லாமலும் இல்லை. அகலமான நடைபாதையைப் பார்த்ததும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஆசை வந்துவிட்டது! மேலே ஏற்றி ஓட்டினார்கள், நிறுத்தினார்கள். தடுக்கக் கம்பங்கள் நட வேண்டியிருந்தது.

இன்னொரு உதாரணம் நம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. அதற்குச் செலவும் அதிகமில்லை. காந்தி சிலை இருக்கும் கடற்கரைச் சாலையில் தினமும் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. தடுப்பை இழுத்து வைக்கிறார்கள், அவ்வளவுதான். பகலில் வண்டிச் சாலையாக இருந்தது மாலையில் ஊரின் திண்ணை ஆகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூடும்போதும் இதேதான் நடக்கிறது. ஒரு தெருவை இடிக்காமல், நேரத்தைக் கொண்டே பங்கு பிரிக்கலாம்.

காலாப்பட்டுச் சாலையை மாலை ஆறு மணிக்கு மூட முடியுமா? முடியாது. சென்னை பஸ்ஸும் ஆம்புலன்சும் போக வேண்டும். பாண்டி பஜார் போலவும் செய்ய முடியாது. அது நெடுஞ்சாலை இல்லை. ஆனால் ஊருக்குள் நுழையும் இடத்திலேயே சாலை குறுகி, "இனிமேல் ஊர்" என்று வண்டிக்குத் தெரியும்படி செய்யலாம். பள்ளி, பல்கலைக்கழக வாசல், பஸ் நிறுத்தம் ஆகிய இடங்களில் நடுத்திட்டும் சிக்னலும் வைக்கலாம். இந்தச் சாலையை நான்கு வழிச் சாலையாக அகலப்படுத்தும் திட்டம் மாமல்லபுரம் பக்கமிருந்து பகுதி பகுதியாக நடக்கிறது. நான்கு வழி என்றால் 14 மீட்டர், 14 நொடி. கடப்பவர்களை வரைபடத்திலேயே சேர்த்துக்கொண்டால்தான் அந்தப் பையனின் தம்பி, தங்கைகள் பிழைப்பார்கள். கட்டி முடித்த பிறகு சேர்ப்பது கஷ்டம்.

மீன் விற்கும் அம்மாக்களை மறந்துவிடக் கூடாது. சாலையை அழகுபடுத்துகிறோம் என்று சொல்லிப் பல ஊர்களில் முதலில் எழுப்பி அனுப்புவது கூடைக்காரர்களைத்தான். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-லிருந்து பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கூடை வைக்க ஒரு மேடை, கழுவ ஒரு குழாய், தண்ணீர் ஓட ஒரு வடிகால், மேலே கொஞ்சம் நிழல். இதை வரைந்த பிறகு மற்றதை வரையலாம் என்பேன்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். ஸ்பெயின் நாட்டில் பொன்டெவெத்ரா என்று ஒரு சிறிய நகரம். சுமார் 80,000 பேர் வசிக்கும் ஊர். 1999 முதல் அங்கே நகரத்தின் நடுப்பகுதியை மெல்ல மெல்ல நடப்பவர்களிடம் ஒப்படைத்தார்கள். 2011-ல் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். பார்த்தால் மெட்ரோ ரயில் வரைபடம் மாதிரியே கலர் கலராக இருக்கும். ஆனால் அந்த ஊரில் மெட்ரோ கிடையாது! ஒவ்வொரு கோட்டின் மேலும், அந்த இடத்திலிருந்து இந்த இடத்துக்கு நடந்து போக எத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கும். நிலையம் என்பது சந்தை, பள்ளி, பூங்கா. ரயில் என்பது உங்கள் கால்.

அதே போல உங்கள் ஊருக்கு ஒன்று போடுங்கள். ஒரு ட்ராயிங் பேப்பர், நான்கு ஸ்கெட்ச் பென்சில், ஒரு கடிகாரம் போதும். வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு போங்கள். சாலை ஓரத்தில் நின்று மட்டும் பாருங்கள், நடுவில் இறங்கி அளக்க வேண்டாம். வீடு, பள்ளி, பஸ் நிறுத்தம், மளிகைக் கடை, நூலகம் எல்லாவற்றையும் வட்டமாகப் போட்டுக் கோடு இழுத்து நிமிடத்தை எழுதுங்கள். நடந்த நிமிடத்தை நீலத்தில் எழுதுங்கள். சாலையைக் கடக்க முடியாமல் நின்ற நிமிடத்தைத் தனியாகச் சிவப்பில் எழுதுங்கள். வார்டு கூட்டம் நடந்தால் அப்பா, அம்மாவிடம் சொல்லி அந்தப் படத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

நான் என் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை போட்டுவிட்டேன். நீலம் ஆறு, சிவப்பு மூன்று.